ட்ரவுட் இருக்கும் இடத்துக்கு ஐஸ் பிந்தித்தான் வரும்

டிசம்பர் பாதி கழிந்துவிட்டால் எங்கள் மீன்பிடி வாட்ஸ்அப் குழுவில் வேறு கதை ஓடாது. யாராவது ஒருவர் போன வருடத்துப் படம் ஒன்றைத் தூக்கிப் போடுவார்: இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்த லேக் ட்ரவுட் மீன், பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெளி. உடனே கீழே கேள்வி வரும். "அண்ணை, சிம்கோ இறுகிட்டுதோ? சனிக்கிழமை போவமா?"

கனடாவில், ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு சிம்கோ ஏரி வடக்கே ஒரு மணித்தியாலக் கார் ஓட்டம். இந்தக் கிட்டமான தூரமே ஒரு தொல்லை. தூரப் பயணம் என்றால் ஆள் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுப் போவான். பக்கத்தில் இருப்பதால் "போய்த்தான் பார்ப்பமே" என்று கிளம்பிவிடுகிறான்.

ஏரி உறைந்ததும் அதன் மேல் நடந்துபோய், ஓட்டை போட்டு மீன் பிடிப்போம். அந்த முதல் ஐஸ் மீது இவ்வளவு மோகம் வருவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. படகுகளை ஏற்றி மூடிவைத்து வாரக்கணக்கில் கை அரித்துக்கொண்டிருக்கும். ஏரியில் இன்னும் யாரும் ஓட்டை போடவில்லை, மீன் கலையவில்லை. ஐஸ் மீது ஸ்னோ மூடாததால் வெளிச்சம் உள்ளே இறங்கும். ஆழமில்லாத இடங்களில் செடிகள் இன்னும் பச்சையாக இருக்கும். பேர்ச் என்கிற சிறு மீன்களின் கூட்டம் அதை ஒட்டியே நிற்கும். முதல் ஐஸில் நன்றாகக் கடிக்கும் என்று ஊரெல்லாம் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனால் பேர்ச்சுக்குப் பொருந்துகிற இந்தக் கணக்கையே ட்ரவுட்டுக்கும் போடுகிறார்கள். அங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை.

சிம்கோ ஏறக்குறைய 720 சதுர கிலோமீட்டர். வரைபடத்தில் ஒரே நீலமாகத் தெரிந்தாலும் அதற்குள் குறைந்தது மூன்று வேறு வேறு ஏரிகள் இருக்கின்றன. தெற்கே குக்ஸ் விரிகுடா: ஆழம் குறைவு, செடி அதிகம், ஹொலண்ட் ஆறு வந்து விழுவது அங்கேதான். மேற்கே, பாரி நகரம் வரை நீண்டு ஒடுங்கிக் கிடப்பது கெம்பன்ஃபெல்ட் விரிகுடா: ஏரியின் ஆகக்கூடிய ஆழம், சுமார் 41 மீட்டர், இங்கேதான். நடுவில் இருப்பது பெரிய திறந்த வெளி, காற்றுக்கு மறைப்பே இல்லாத இடம். குக்ஸ் விரிகுடா முதலில் உறையும், அப்புறம் கெம்பன்ஃபெல்ட், நடு ஏரி கடைசி. சில வருடங்களில் நடு ஏரி உறையுமா உறையாதா என்று ஜனவரி முழுக்க இழுத்தடிக்கும்.

இந்த வரிசை தற்செயல் அல்ல. தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் ஆக அடர்த்தியாக இருக்கும். இலையுதிர்காலத்தில் மேல் தண்ணீர் குளிரக் குளிரக் கனத்துக் கீழே போகும், கீழே இருக்கிற இளஞ்சூட்டுத் தண்ணீர் மேலே வரும். அடிவரை முழுவதும் 4 பாகைக்கு வந்து சேரும் வரை இந்தச் சுழற்சி நிற்காது. அதன் பிறகுதான் மேல்படை அதைவிடக் குளிர்ந்து, கீழே இறங்காமல் மேலேயே தங்கி, பூச்சியத்தைத் தொட்டு உறையும். மூன்று நாலு மீட்டர் ஆழமான இடத்தில் இந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடும். நாற்பது மீட்டர் ஆழத்தில் முடிய வாரக்கணக்கில் ஆகும். நடுவில் ஒரு காற்றடித்தால், அப்போதுதான் பிடித்த மெல்லிய ஐஸ் நொறுங்கி எல்லாம் மறுபடி கலங்கிவிடும்.

இனி மீனின் பக்கத்திலிருந்து பாருங்கள். லேக் ட்ரவுட்டுக்குக் கோடையிலும் குளிர்ந்த, ஒட்சிசன் நிறைந்த தண்ணீர் வேண்டும். அது ஆழத்தில்தான் கிடைக்கும். ஆழம் இல்லாத ஏரியில் அந்த மீன் கோடையைத் தாண்டாது. ஆக, ட்ரவுட் வாழத் தோதான ஏரி என்றாலே சூட்டை லேசில் விடாத ஏரி. பக்கத்து ஏரிகள் எல்லாம் இறுகிய பிறகு இறுகுகிற ஏரி. குக்ஸ் விரிகுடாவில் பேர்ச் பிடித்தவர் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, அதே நாளில் கெம்பன்ஃபெல்டுக்கு ட்ரவுட் தேடிப் போகிறவர் இதைத்தான் மறந்துபோகிறார். ஏரியின் பெயர் ஒன்று, ஐஸ் ஒன்றல்ல.

கனம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் ஒரு எண் சொல்வார்கள். தெளிந்த ஐஸ் என்றால் 10 சென்ரிமீட்டர் ஒரு ஆள் நடக்கப் போதும் என்பது மீன்பிடிக்காரர்களின் பழைய கணக்கு. கனடிய செஞ்சிலுவைச் சங்கம் இன்னும் கவனமாக, தனியாக நடக்க 15, கூட்டமாக நிற்க 20, ஸ்னோமொபைல் வண்டிக்கு 25 சென்ரிமீட்டர் என்கிறது. நான் செஞ்சிலுவைக் கட்சி. ஆனால் இந்த எண்கள் எல்லாமே தெளிந்த, கறுப்பாகவோ நீலமாகவோ தெரிகிற புது ஐஸுக்கு மட்டும். அது அசையாத தண்ணீர் நேராக உறைந்து உருவானது, பலமானது. வெள்ளையாக, பால் கலந்த மாதிரி இருப்பது ஸ்னோவும் தண்ணீரும் சேர்ந்து இறுகியது. உள்ளே காற்றுக் குமிழி நிறைய இருக்கும், பலம் கிட்டத்தட்டப் பாதிதான். எனவே வெள்ளை ஐஸ் என்றால் கணக்கை இரட்டிப்பாக்க வேண்டும். ஓட்டை போட்டு 15 சென்ரிமீட்டர் என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால், அதில் எவ்வளவு வெள்ளை, எவ்வளவு கறுப்பு என்று ஓட்டையின் பக்கவாட்டைக் குனிந்து பார்ப்பது நல்லது. சாம்பல் நிறம் என்றால் தண்ணீர் ஊறியிருக்கிறது என்று அர்த்தம். எத்தனை சென்ரிமீட்டர் இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

ஆரம்ப கால ஐஸுக்கு ஆகப் பெரிய எதிரி, வடிவாக இருக்கிற அந்த ஸ்னோதான். மெல்லிய ஐஸ் மீது ஒரு இரவு ஸ்னோ கொட்டினால் இரண்டு தீங்கு. ஒன்று, அது போர்வை. வெளியில் மைனஸ் 15 அடித்தாலும் குளிர் ஐஸுக்குச் சரியாகப் போய்ச் சேராது, கனம் கூடுவது மிகவும் மெதுவாகிவிடும். "கிழமை முழுக்கக் கடுங்குளிர், நல்லா இறுகியிருக்கும்" என்கிற வாதம் இங்கே அடிபட்டுப் போகிறது. இரண்டாவது, ஸ்னோவின் பாரத்தில் ஐஸ் கொஞ்சம் அமிழ, வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் மேலே ஏறிச் சேறுபோல் நிற்கும். மேலே பார்த்தால் ஒரே வெள்ளை. வெடிப்பும் தெரியாது, நிறமும் தெரியாது, நேற்று வரை திறந்து கிடந்த இடமும் தெரியாது. ஸ்னோ இல்லாத கறுப்பு ஐஸில் நடக்கப் பயமாக இருக்கும். காலுக்குக் கீழே ஆழம் தெரியும், நடக்க நடக்க டக் டக் என்று சத்தம் வேறு வரும். ஆனால் அந்தப் பயம் தருகிற ஐஸ்தான் தன் குறைகளை மறைக்காத ஐஸ்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிர் கூடும்போதும் குறையும்போதும் ஐஸ் சுருங்கி விரியும். அப்போது இடி மாதிரி உருண்டோடுகிற சத்தம் வரும். புதிதாக வருகிறவர்கள் விழுந்தடித்துக் கரைக்கு ஓடுவார்கள். அந்தச் சத்தம் மட்டும் ஆபத்தின் அறிகுறி அல்ல. காலடியில் தண்ணீர் கசிவதும் ஐஸ் வளைந்து கொடுப்பதும் தான் ஆபத்து.

அதே ஏரியில், அதே நாளில், இருபது அடி தள்ளிக் கனம் பாதியாக இருக்கலாம். ஆறு வந்து விழுகிற வாய், சிம்கோவும் கூச்சிச்சிங் ஏரியும் சேருகிற அதர்லி நெரோஸ் போன்ற ஒடுக்கம், அடியில் ஊற்று இருக்கிற இடம், படகுத் துறைகளில் ஐஸ் பிடிக்காமல் இருக்கக் காற்றுக் குமிழி விடுகிற சுற்றுப்புறம், வாத்துக்கூட்டம் நீந்தி நீந்தித் திறந்துவைத்த இடம். இவை எல்லாம் உள்ளூர்க்காரருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. சிம்கோ போன்ற பெரிய ஏரிகளில் வருகிற இன்னொரு வில்லங்கம் அழுத்த வெடிப்புகள். பெரிய ஐஸ் பரப்புகள் ஒன்றையொன்று தள்ளி நெரிந்து நீளமாகப் பிளந்துகொள்ளும். காற்று மாறினால் அந்தப் பிளவு அகலும். காலையில் தாண்டி வந்த வெடிப்பு பின்னேரம் தண்ணீர் வாய்க்காலாகி, மறுபக்கம் மாட்டிக்கொண்டவர்களை மீட்புப் படையினர் கொண்டுவந்த கதைகள் இங்கே உண்டு. அதனால் வெப்பநிலையைப் பார்க்கிற அதே கவனத்தோடு காற்றின் திசையையும் பார்க்க வேண்டும். கரையிலிருந்து ஏரிக்குள் வீசுகிற பலத்த காற்று என்றால் ஆரம்ப காலத்தில் நான் வீட்டை விட்டே கிளம்புவதில்லை.

ஒரு ஜனவரிக் காலை மச்சானோடு கெம்பன்ஃபெல்ட் கரையில் இறங்கினேன். தூரத்தில் பத்துப் பதினைந்து பேர், சிலர் கூடாரம்கூடப் போட்டிருந்தார்கள். என் கையில் ஸ்பட் பார்: நுனி உளிபோல் தட்டையான கனத்த இரும்புக் கம்பி. இரண்டு மூன்று அடிக்கு ஒருமுறை முன்னால் ஓங்கிக் குத்திப் பார்த்துத்தான் நடப்பேன். முதலில் எல்லாம் கல்லுமாதிரி இருந்தது. மச்சானுக்குப் பொறுமை இல்லை.

"மச்சான், அங்க இவ்வளவு சனம் நிக்குது. நாங்கள் ரெண்டு பேர் போனா உடையவா போகுது?"

அடுத்த குத்தில் கம்பி சட்டென்று இறங்கியது. இழுத்தபோது தண்ணீர் கொப்பளித்து மேலே வந்தது. இரவில் காற்றில் பிளந்து, விடியும் முன் மெல்லிசாக மூடிக்கொண்ட வெடிப்பு. ஒரு அங்குலத்துக்கும் குறைவு. அதன் மேல் காற்று கொண்டுவந்த ஸ்னோ ஒரு கோடு மாதிரிக் கிடந்தது, அவ்வளவுதான் அடையாளம். இடதும் வலதும் குத்திப் பார்த்தேன், அந்தக் கோடு முடிகிற மாதிரித் தெரியவில்லை. திரும்பினோம். அங்கே நின்றவர்கள் இன்னொரு கரையிலிருந்து வேறு பாதையால் வந்தவர்கள் என்று துறையடியில் ஒருவர் சொன்னார். அவர்கள் பின்னேரம் மீனோடு பத்திரமாக வீடு போயிருப்பார்கள். மச்சான் திரும்புகிற வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பாரியில் ஒரு கோப்பியும் டோனட்டும் வாங்கிக் கொடுத்துத்தான் சமாளித்தேன்.

நான் சொல்ல வருவது இதைத்தான். அங்கே ஆள் நிற்கிறது என்றால், அந்த ஆள் நிற்கிற இடம் அந்த நேரத்தில் அவரைத் தாங்குகிறது என்று மட்டும்தான் தெரியும். அவர் எந்தப் பாதையால் போனார், எத்தனை மணிக்குப் போனார், போகும்போது பயந்தாரா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. அவரும்கூட வேறு யாரோ நின்றதைப் பார்த்துப் போனவராக இருக்கலாம். நம் ஆட்களிடம் இந்தப் பழக்கம் கொஞ்சம் கூடுதல் என்று நினைக்கிறேன். கோயில் தேர்த் திருவிழாவில் சனம் போகிற பக்கம் போனால் சாமியைக் காணலாம். ஏரியில் அந்தக் கணக்கு சரிவராது. கூட்டம் கூடுகிற இடத்தில் பாரமும் கூடுகிறது, ஓட்டையும் கூடுகிறது.

நாட்காட்டியையும் இனி நம்ப முடியாது. "நாங்கள் எப்பவும் புதுவருடத்துக்கு அடுத்த சனி போறனாங்கள்" என்று சொல்பவர்கள் இருபது வருடத்துக்கு முந்திய குளிரை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். ஒட்டாவாவின் ரீடோ கால்வாய்ச் சறுக்குத் தடம் 1971-இல் தொடங்கியது. 2022-23 குளிர்காலத்தில்தான் முதல்முறையாக ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. அதற்கு அடுத்த குளிர்காலத்திலும் வட அமெரிக்கப் பேரேரிகளில் ஐஸ் மிகக் குறைவு. ரொறன்ரோ யோர்க் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் சப்னா சர்மாவும் குழுவினரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பத்து நாடுகளில் குளிர்காலத்தில் நீரில் மூழ்கி இறந்த நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களை வெப்பநிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குளிர்காலக் காற்றின் வெப்பம் பூச்சியத்தை நெருங்க நெருங்க இறப்புகள் ஏறிக்கொண்டே போயிருந்தன. கடுங்குளிரில் அல்ல, மிதமான குளிரில்தான் சனம் சாகிறது. வெளியே நின்று மீன்பிடிக்கச் சுகமான நாள் என்று நாம் நினைக்கிற நாள் அது.

சரி, விழுந்துவிட்டால்? மனிட்டோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட், குளிர்ந்த தண்ணீரில் மனித உடம்பு என்ன பாடுபடுகிறது என்பதைத் தானே இறங்கிப் பரிசோதித்த பேராசிரியர். அவர் சொல்லித்தந்த கணக்கு 1-10-1. முதல் ஒரு நிமிடம் மூச்சு இரைக்கும், கட்டுப்படாது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்து மூச்சைப் பிடிக்குள் கொண்டுவருவது மட்டுமே. அடுத்த பத்து நிமிடம் கைகால் சொன்னதைக் கேட்கும். ஏறுவதாக இருந்தால் அதற்குள் ஏற வேண்டும். அதன்பின் கை பிடிக்காது, ஆனாலும் உடம்பு விறைத்து நினைவு தப்ப ஒரு மணித்தியாலம் வரை ஆகலாம். விழுந்தவர் "செத்தேன்" என்று நினைத்துப் பதறுவதும் முதல் நிமிடத்தில் ஆளைக் கொல்லும். பத்து நிமிடம் இருக்கிறது என்று தெரிந்தவருக்கு யோசிக்க இடம் கிடைக்கும்.

ஏறுவது வந்த திசையில்தான். அந்தப் பக்கத்து ஐஸ் கொஞ்சம் முன்னர் உங்களைத் தாங்கியது; முன்னால் இருப்பது தாங்குமா என்று தெரியாது. உடுப்பைக் கழற்றப் பார்க்கக் கூடாது, அதற்குள் அகப்பட்ட காற்று கொஞ்ச நேரம் மிதக்க உதவும். காலை நீந்துகிற மாதிரிப் பின்னால் அடித்து உடம்பைக் கிடையாக்கி, கூர்முனையுள்ள பிடிகளான ஐஸ் பிக் இரண்டையும் மாறி மாறிக் குத்தி இழுத்து மேலே வர வேண்டும். வந்ததும் எழும்பி நிற்காமல் உருண்டு விலக வேண்டும். கரையில் நிற்கிறவர் ஓடிப் போய்க் கை கொடுத்தால் இரண்டு பேரைத் தேட வேண்டிவரும். முதலில் 911, அப்புறம் படுத்துக்கொண்டு கயிறோ தடியோ எறிய வேண்டும்.

அந்த ஐஸ் பிக் கழுத்தில் தொங்க வேண்டும், சாமான் இழுத்துப் போகிற ஸ்லெட்டில் பெட்டிக்குள் அல்ல. இரண்டு பிடியும் ஒரு கயிறும் உள்ள சாமான், விலை ஒரு குடும்பப் பிரியாணிப் பொதியை விடக் குறைவு. மிதக்கும் சூட் விலை கூடியதுதான், வாங்க முடிந்தவர் வாங்கட்டும். இல்லாவிட்டால் ஜக்கெட்டுக்குள் ஒரு மிதவை அங்கி. சப்பாத்துக்கு முள்ளுப் பட்டி, எறிகயிறு, விசில், தண்ணீர் புகாத பையில் போன், காரில் ஒரு மாற்று உடுப்பு. கூடாரத்துக்குள் புரோப்பேன் ஹீட்டர் எரிப்பவர்கள் காற்று வர வழி விட வேண்டும். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

ஐஸ் மீது மீன்பிடிக் குடில் (ஹட்) வைத்து வாடகைக்கு விடுகிறவர்களைப் பற்றி நம் ஆட்களுக்குள் ஒரு இளக்காரம் உண்டு. "சும்மா கிடக்கிற ஏரியில நிக்கக் காசு குடுக்கிறதோ?" நானும் கணக்குப் பார்க்கிறவன்தான். ஆனால் முதல் இரண்டு மூன்று கிழமைகளுக்கு அந்தக் காசு மீனுக்கல்ல, பாதைக்கு. அவர்கள் தினமும் காலையில் அளக்கிறார்கள், வெடிப்பு எங்கே ஓடுகிறது என்று தெரிந்து அதற்குப் பாலம் போடுகிறார்கள், காற்று மாறினால் ஆட்களைக் கரைக்கு ஏற்றுகிறார்கள். போன் எடுத்துக் கேட்டால் "இன்னும் திறக்கவில்லை" என்பார்கள். வியாபாரம் செய்ய வந்தவனே ஆளை இறக்க மாட்டேன் என்றால், அதைவிட நம்பகமான தகவல் எங்கே கிடைக்கும்?

ட்ரவுட் காத்திருக்கும். இதை நான் சும்மா சொல்லவில்லை. சிம்கோவில் பொஸ்பரஸ் கூடி, பாசி பெருகி, அது செத்து அடியில் அழுகி ஒட்சிசனைத் தின்றதில், லேக் ட்ரவுட் குஞ்சு தேறுவதே பல பத்தாண்டுகள் கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. வளர்ப்பு நிலையத்துக் குஞ்சுகளை ஏரியில் விட்டுத்தான் அந்த இனத்தைக் காப்பாற்றினார்கள். 2008-இல் ஏரிக்கென்றே ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆழத்துத் தண்ணீரில் லீற்றருக்கு 7 மில்லிகிராம் ஒட்சிசன் என்பது இலக்கு. இப்போது காட்டு மீனும் மறுபடி பிடிபடுகிறது. விட்டு வளர்த்த மீனுக்குச் செட்டை ஒன்றை அடையாளமாக நறுக்கியிருப்பார்கள். எல்லாச் செட்டையும் முழுதாக இருந்தால் பெரும்பாலும் ஏரியிலேயே பிறந்தது. நான் அதைத் திருப்பி விட்டுவிடுவேன், மச்சான் திட்டுவார்.

இன்னொன்று. குளிர்காலத்தில் தண்ணீர் மேலிருந்து கீழ்வரை குளிர்ந்தே இருப்பதால் ட்ரவுட் கோடையைப் போல ஆழத்தில் அடைபட்டுக் கிடப்பதில்லை. இரை தேடிக் கரைப்பக்கச் சரிவுகளுக்கும் வரும், ஐஸுக்குக் கீழே சில மீட்டரிலும் திரியும். ஆகவே ட்ரவுட் என்றால் நடுவிரிகுடாவுக்குத்தான் போக வேண்டும் என்பது கட்டாயமல்ல. கரையிலிருந்து சரிவு வேகமாக இறங்குகிற இடம் ஒன்றைக் கோடையிலேயே பார்த்துவைத்தால், நடக்கிற தூரம் குறையும். தூரம் குறைந்தால் தெரியாத ஐஸும் குறையும்.

அதனால் சனிக்கிழமை போவமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இப்படி. டிசம்பர் கடைசி, ஜனவரி தொடக்கம் என்றால் குக்ஸ் விரிகுடாவில் பேர்ச்சுக்குப் போங்கள். அதுவும் அங்கே காலையில் அளந்தவர் யாரையாவது கேட்டுவிட்டு, கம்பியால் குத்திக்கொண்டு. ட்ரவுட்டுக்குக் கெம்பன்ஃபெல்டில் ஹட்காரர்கள் ஆளை இறக்கிக் கொஞ்ச நாள் கழியட்டும். மீன் பிடிக்கலாம் என்கிற காலமும் எத்தனை மீன் என்பதும் ஏரிக்கு ஏரி மாறும், ஒன்ராறியோ மாகாண விதிப் புத்தகத்தை அந்தந்த வருடம் பாருங்கள். 18 முதல் 64 வயது வரை அனுமதி அட்டை வேண்டும். பேர்ச் சிறிசு என்று முகம் சுளிக்க வேண்டாம். தோலுரித்து, மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் போட்டுப் பிரட்டி, மொறுமொறுவென்று பொரித்தால் கொழுப்பேறிய ட்ரவுட் கிட்ட நிற்காது. மச்சான் இதை மட்டும் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.